பச்சை அடித்த இடம் எங்கே போச்சு?

எந்த இடம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது பூங்காவுக்கு என்று ஊருக்கே வரைந்து வைக்கிற முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) திருத்தப்படுவது பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூங்காவையும் மைதானத்தையும் பற்றியே இருந்தன. நகரமைப்புப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்கிற உரிமையில் பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு அடுத்த இருபது வருடத்துக்கான திட்ட வரைவு வந்திருக்கிறதாம். ஆட்சேபணை, ஆலோசனை சொல்லலாம் என்று பேப்பரில் அறிவிப்பு பார்த்தேன். பெரிய பூங்கா வேண்டும் என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் போதுமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

போதாது. மனுவை வாங்கி, சீல் போட்டு, ஃபைலில் கோத்துவிடுவார்கள். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது இரண்டு மாதம் உங்களுக்கு அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நகரமைப்பு ஆபீசுக்குப் போய், பழைய திட்டத்தின் வரைபடத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். பழையதில் பூங்கா என்று பச்சை அடித்திருந்த சில இடங்கள் புதியதில் குடியிருப்பாக மாறியிருக்கும். உடனே ஊழல் என்று கிளம்பிவிடாதீர்கள், பல சமயம் காரணம் வேறு.

தனியார் நிலத்தில் பூங்கா என்று ஒதுக்கீடு செய்தால் அது அப்படியே இருந்துவிடாது. அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுக்குள் அந்த நிலத்தைப் பேசி வாங்க வேண்டும், இல்லை கையகப்படுத்த அறிவிப்பாவது வர வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் ஒதுக்கீடு தானாகவே நீங்கிவிடும், அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. நிலம் வாங்க நகராட்சியிடம் பணம் ஏது? நான்காம் வருஷம் அங்கே பிளாட் கல் நட்டுவிடுவார்கள். காகிதத்தில் பச்சை, தரையில் ஒன்றுமில்லை.

நானே இந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், இடத்தைப் போய்ப் பார்க்காமல், மேலே கேட்டார்கள் என்று ஒரு சர்வே எண்ணுக்குப் பச்சை அடித்தேன். பிறகு போனால் அங்கே வரிசையாக ஓட்டு வீடுகள், ஒரு பாட்டி எனக்கு மோர் வேறு கொடுத்தார். அந்த மோர் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அதனால் மனுவில் “பூங்கா வேண்டும்” என்று எழுதாதீர்கள். “வரைவில் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று காட்டியிருக்கும் இடங்களில் நகராட்சிக்கோ அரசுக்கோ ஏற்கெனவே சொந்தமானவை எவை, தனியாருடையவை எவை? சர்வே எண் வாரியாகப் பட்டியல் தருக” என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பூங்கா, திடல், திறந்தவெளிகளுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று 1959லேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் போட்டாயிற்று. அந்தப் பட்டியலை அலமாரியிலிருந்து தூசு தட்டி எடுக்க வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் நகரில் லேஅவுட் போட்டபோது பார்க் என்று விட்ட இடத்தில் இப்போது புரமோட்டரின் மகன் வேலி போடுகிறார். “என் அப்பா பேரில் பட்டா இருக்கு” என்கிறார். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், திருவண்ணாமலை மாவட்டம்

நிறைய செய்ய முடியும், ஆனால் சீக்கிரம் செய்ய வேண்டும். லேஅவுட்டில் சாலை போக மீதி பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பத்து சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். நம் ஆட்கள் இதை ஓ.எஸ்.ஆர். (ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்) என்பார்கள். 10,000 சதுர மீட்டர் வரை சில சமயம் இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டிவிட வழி உண்டு, அதற்கு மேல் போனால் இடமாகவே தர வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி பேரில் பதிய வேண்டும்.

கோளாறு எங்கே என்றால், தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மாறியிருக்காது. வருவாய்த் துறை ஏட்டில் பழைய பெயரே நிற்கும். அப்பா போய் மகன் வரும்போது கையில் பட்டா, கண்ணில் காலியிடம். முதல் வேலையாகப் பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. தானப் பத்திரம் அதில் வந்தால் நகலை எடுத்துக்கொண்டு கமிஷனரிடம் போய், நகராட்சி பேருக்குப் பட்டா மாற்றி, அளந்து கல் நடச் சொல்லுங்கள். பத்திரமே இல்லாத பழைய லேஅவுட் என்றால் அங்கீகரித்த வரைபடத்தின் சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு வக்கீலைப் பாருங்கள், அது கொஞ்சம் நீளமான கதை.

அலுத்துப்போகிறபோது பெங்களூரை நினைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், அதுவும் முதலமைச்சர் மட்டத்து உத்தரவில். அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் விடாமல் கேஸ் நடத்தினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடவில்லை.

ஒரு ஊருக்கு எவ்வளவு பூங்கா இருக்க வேண்டும் என்று கணக்கு ஏதாவது உண்டா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

உண்டு. மத்திய அரசின் 2014 நகரத் திட்ட வழிகாட்டி, ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி என்கிறது. அறுபதாயிரம் பேர் உள்ள நகராட்சிக்குப் பெருக்கிப் பாரம்மா: பத்து சதுர மீட்டர் என்று வைத்தாலே 60 ஹெக்டேர், கிட்டத்தட்ட 150 ஏக்கர். நம் ஊர்களில் இது நடக்கிற காரியமா? இந்த எண்ணைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, கடைசிப் பக்கம் வரை மறந்துவிடுவார்கள்.

அதே வழிகாட்டியில் எனக்குப் பிடித்த இன்னொரு கணக்கு இருக்கிறது, ஐயாயிரம் பேருக்கு அரை ஹெக்டேரில் ஒரு குடியிருப்புப் பூங்கா. அதே ஊருக்குப் பன்னிரண்டு, மொத்தம் 15 ஏக்கர். இது முடியும், ஓ.எஸ்.ஆர். இடங்களை மீட்டாலே பாதி தேறும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே பெரிய பூங்கா கட்டி ரிப்பன் வெட்டுவதைவிட, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போகிற தூரத்தில் பன்னிரண்டு சின்ன இடங்கள் இருந்தால் ஊர் பயன்படுத்தும்.

செயற்கை நீரூற்று வைக்கச் சொல்லி எங்கள் கவுன்சிலரிடம் கேட்கலாமா?
– வாசகர், விருதுநகர்

வேண்டாம். ஆறு மாதத்தில் மோட்டார் போகும், அப்புறம் அது கொசுத் தொட்டி. கக்கூஸ் கேளுங்கள்.

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். அந்த ஊர் நகரசபை பூங்காத் திட்டத்தைப் புதுப்பிக்கிறோம் என்று வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் அனுப்பியது. அங்கே இவ்வளவு அக்கறை, இங்கே ஏன் இல்லை?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சி

அம்மா, அக்கறை இருக்கும்தான், கூடவே ஒரு கட்டாயமும் இருக்கிறது. அந்த மாநிலத்தில் பூங்காவுக்கான மாநில மானியத்துக்கு மனு போட வேண்டுமென்றால், ஆறு ஆண்டுக்குள் புதுப்பித்து மன்றம் ஏற்றுக்கொண்ட திட்டம் கையில் இருக்க வேண்டும். இருக்கும் இடங்களின் பட்டியல், மக்களிடம் கேட்டதற்கான ஆதாரம், எது தேவை என்ற ஆய்வு, வருகிற ஆறு வருஷத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கு, எல்லாம் அதில் வர வேண்டும். உங்கள் மகள் வீட்டுக்குக் கேள்வித்தாள் வந்தது இப்படித்தான்.

இங்கே பணம் வேறு வழியில் வருகிறது. 2015இல் வந்த மத்திய அரசின் அம்ருத் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் 500 நகரங்களுக்குப் பூங்கா அமைக்கவும் பணம் உண்டு என்றார்கள், மொத்தத்தில் இரண்டரை சதவீதம் வரை. பணம் வந்த பிறகு “எங்கேப்பா இடம்?” என்று தேடினார்கள். கிடைத்த இடத்தில் பேவர் பிளாக் பதித்து, உடற்பயிற்சிக் கருவி நட்டார்கள். பராமரிக்க யார், எந்தத் தலைப்பில் பணம் என்று எழுதி வைத்த ஊர் நான் பார்த்தவரை குறைவு.

எங்கள் ஊர்ப் பூங்கா காலை ஐந்து முதல் எட்டு வரை, மாலை நாலு முதல் எட்டு வரை மட்டும்தான் திறக்கிறார்கள். மைதானம் முழுக்கப் பையன்கள் கிரிக்கெட். பெண் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. இதையெல்லாம் இருபது வருடத் திட்டத்தில் எழுத முடியுமா?
– வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

எழுதத்தான் வேண்டும். மத்தியானம் பூட்டு என்றால் யாருக்குப் பூட்டு என்று பாருங்கள். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு ஒரு குறையுமில்லை, அவர்கள் வீட்டில் ஃபேன் போட்டுத் தூங்குகிறார்கள். ஜி.ஹெச்சுக்கு வந்து சாயந்திரம் வரை காத்திருக்கிற தாய்மார், பஸ்ஸுக்கு நிற்கிற வயசானவர்கள், இவர்களுக்குத்தான் அந்த நேரத்தில் நிழல் வேண்டும். கொரியன் புல்லுக்குத் தண்ணீர் விடுகிற காசில் நாலு வேம்பும் இரண்டு புங்கனும் வைத்து, கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு, மைதானத்தில் ஒரு கோர்ட்டாவது, த்ரோபாலோ கோகோவோ, மாலையில் அவர்களுக்கென்று நேரம் ஒதுக்கி போர்டு எழுதி வைக்க வேண்டும், வெளிச்சமும் பூட்டக்கூடிய கழிப்பறையும் வேண்டும். இவற்றில் எதற்கும் நிலம் வாங்க வேண்டியதில்லை. வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபைக் கூட்டம் நடக்கிறதே, 2022 நவம்பர் 1 அன்று ஆரம்பித்தது, அங்கே போய்த் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், அந்தப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். தீர்மானத்தின் நகலை வாங்கித் திட்ட வரைவுக்கான உங்கள் ஆலோசனையோடு பின் அடித்துக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.