ரசீதில் எழுதாத பெயர்

கேள்வி: ராயபுரத்தில் இருக்கிறேன். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். மகனுக்கு 23 வயது. ஒரு ஜெபக்குழுவில் சேர்ந்து, ஞாயிறு மாலை காசிமேட்டில் கைப்பிரதி கொடுக்கிறான். 'நம் குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது, இந்த நாட்டு அரசியல் நமக்கு எதற்கு?' என்கிறான். வாக்காளர் பட்டியலில்கூடப் பெயர் சேர்க்கவில்லை. குடியரசு தினத்துக்குத் தெருப் பிள்ளைகள் வசூலுக்கு வந்தபோது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான்தான் 200 ரூபாய் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு எந்த வசனத்தைக் காட்டிப் புரியவைப்பது?

பதில்: வசனம் இருக்கட்டும். ஏன் பெயர் எழுத வேண்டாம் என்றீர்கள்?

காரணம் கடிதத்தில் இல்லை. ஆனால் இதே கதையைத் தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். பெயர்ப்பட்டியலைத் தெருமுனையில் ஒட்டுவார்கள், சபையார் யாராவது பார்த்துக் கேட்பார்கள், எதற்கு வம்பு. இதுதானே? கோயில் திருவிழா வசூல் என்றால் 'மனசாட்சி இடம் தரவில்லை தம்பி' என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். கேட்பவர்களும் புரிந்துகொள்வார்கள். இது ஜனவரி 26. அந்தக் கொடி உங்களுக்கும்தான் ஏறுகிறது.

மகன் கதவைச் சாத்தியது தப்பு. ஆனால் தன் மனதில் இருப்பதை அவன் மறைக்கவில்லை. நீங்கள் காசையும் கொடுத்து, முகத்தையும் மறைத்துக்கொண்டீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றவன் காதில் அது விழாமலா இருக்கும்? அப்பாவுக்கும் இந்தத் தெரு வேண்டாம் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டிருப்பான்.

உங்கள் ஊர்ப் பெயரே ராயப்பர் என்ற பேதுருவிடமிருந்து வந்தது. இந்துவும் முஸ்லிமும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறார்கள். யாரும் கூசவில்லை. அந்தப் பேதுரு, இயேசு பிடிபட்ட இரவில் குளிர்காய்ந்த இடத்தில் அவரைப் பற்றிக் கேட்டபோது 'அந்த மனுஷனை அறியேன்' என்றார். நீங்கள் உங்கள் தெருவைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கிறீர்கள். கடுமையாகத் தோன்றலாம். எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

இந்த நாட்டின் அரசியல் சட்டம் எழுதப்பட்ட அரசியல் நிர்ணய சபையில் நம்மவர்கள் பெயர் மறைத்து உட்காரவில்லை. அதன் துணைத் தலைவர் ஹரேந்திர குமார் முகர்ஜி வங்காளக் கிறிஸ்தவர். நம் சென்னை லயோலா கல்லூரி முதல்வராக இருந்த ஜெரோம் டிசூசா என்ற பாதிரியாரும் உறுப்பினர். 1948 டிசம்பரில், மதத்தைப் 'பரப்பும்' உரிமை வேண்டுமா என்று பெரிய வாதம் நடந்தது. கிறிஸ்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தச் சபைதான் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டது. இன்று அது 25ஆம் பிரிவில் இருக்கிறது. உங்கள் மகன் காசிமேட்டில் கைப்பிரதி நீட்டுவது அந்தப் பிரிவின் பலத்தில்தான். அரசியல் எதற்கு என்கிறவனுக்கு இதை யாராவது சொன்னார்களா?

1949 மே மாதம், சட்டமன்றத்தில் மதச் சிறுபான்மையினருக்குத் தனியாக இடம் ஒதுக்க வேண்டாம் என்று அந்தச் சபையின் ஆலோசனைக் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தவர் அதே முகர்ஜி. பக்கத்து வீட்டுக்காரன் நமக்கும் சேர்த்து ஓட்டுப் போடுவான், நாம் அவனுக்கும் சேர்த்துப் போடுவோம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. நாட்டு ஒற்றுமை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான். சாமி வேறாக இருக்கலாம், சாப்பாடு வேறாக இருக்கலாம், ஓட்டு ஒரே பெட்டியில் விழ வேண்டும். அந்த நம்பிக்கையை நம் வீட்டு வாசலில் நாமே ஏன் கெடுக்க வேண்டும்?

சரி, வசனம் கேட்டீர்கள். குடியிருப்பு பரலோகத்தில் என்று எழுதியவர் பவுல். எருசலேமில் அவரை வாரினால் கட்டி அடிக்கப் போனபோது, 'ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்கலாமா?' என்று கேட்டவரும் அவரே. அப்போஸ்தலர் நடபடிகள் 22ஆம் அதிகாரம். மகனோடு உட்கார்ந்து படியுங்கள். போதகரிடம் அனுப்பாதீர்கள், இது தகப்பன் வேலை.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். வசூலுக்கு வந்த பிள்ளைகள் அதே தெருவில்தான் இருப்பார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போய், அன்று பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னது தப்பு என்று அவன் எதிரிலேயே சொல்லி, கணக்கு நோட்டில் உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். அப்புறம் வாக்காளர் பட்டியலில் சேர்வதற்கான 6ஆம் எண் படிவத்தை வாங்கி அவன் கையில் கொடுங்கள்.