லாஸ்லோவை ஒரு தடவை பாருங்கள்

அன்புள்ள மேடம்,

எனக்கு 43 வயது. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. கல்யாணமாகி 15 வருடம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள். எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை.

பழைய ஹாலிவுட் படங்கள் என்றால் எனக்கு உயிர். அதிலும் 1942-ல் வந்த ‘காசாப்ளாங்கா’ கல்லூரி நாட்களிலிருந்தே மனதில் நிற்கிற படம். இரண்டாம் உலகப் போர் சமயம். அமெரிக்காவுக்குப் போக வழி தேடி மொராக்கோவின் காசாப்ளாங்கா நகரத்தில் அகதிகள் காத்துக் கிடக்கிறார்கள். அங்கே மதுவிடுதி நடத்தும் ரிக்கின் முன்னால், பாரிஸில் அவனைக் காதலித்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போன இல்சா வந்து நிற்கிறாள், கணவன் விக்டர் லாஸ்லோவோடு. தெரிந்தவர்களிடமெல்லாம் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்வேன். மனைவிக்கு ஆங்கிலப் படங்களில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. போன மாதம் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது நானே வற்புறுத்தி உட்கார வைத்தேன்.

பாரிஸ் ரயில் நிலையக் காட்சி வந்தது. மழையில் நின்றபடி இல்சாவின் கடிதத்தை ரிக் படிக்கிறான், எழுத்துகள் மழையில் கரைகின்றன. பக்கத்தில் மனைவி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். படத்தை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்ட பிறகு சொன்னாள். கல்லூரியில் கூடப் படித்த ஒருவரை நேசித்திருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வர, எங்கள் கல்யாணம் அவசரமாக நிச்சயமானது. அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஊருக்கு வந்துவிட்டாளாம். அதன் பிறகு தொடர்பே இல்லை என்கிறாள். அதை நம்புகிறேன்.

ஆனால் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பெயர் என்ன, எத்தனை நாள் பழக்கம், எங்கெல்லாம் போனீர்கள், இப்போது அவர் எங்கே? பொறுமையாகப் பதில் சொல்கிறாள். அரை மணி நேரம் நிம்மதியாக இருக்கிறது, அப்புறம் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அவள் குளிக்கப் போனால் போனை எடுத்துப் பார்க்கிறேன். சில நாட்களாக அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் இல்லை.

இத்தனை வருடமும் என்னை ரிக்காக நினைத்துத்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். இப்போது பார்த்தால் நான் லாஸ்லோ. கடமைக்காகக் கூட வந்தவளின் கணவன். அந்தப் படத்தை அவளுக்குக் காட்டியிருக்கக் கூடாதோ? எதைக் கேட்டால் என் மனம் அடங்கும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

படத்தைக் காட்டியதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் ரொம்பப் பிடித்த படம் அது. இன்னொரு தடவை பாருங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். இந்தத் தடவை தனியாக, லாஸ்லோவை மட்டும் கவனித்து.

ரிக்காக நடித்த ஹம்ப்ரி போகார்டின் ரசிகர்கள் பலருக்கு லாஸ்லோ ஓர் இடைஞ்சல். அந்தப் பாத்திரத்தில் நடித்த பால் ஹென்ரீடின் முகம் அமைதியானது, ரிக்கின் கசப்பும் கிண்டலும் அதில் கிடையாது. ஆனால் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நாஜிகளின் வதைமுகாமிலிருந்து தப்பி வந்தவர். அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்த பிறகுதான் இல்சா ரிக்கைக் காதலித்தாள், அவர் உயிரோடு இருப்பது தெரிந்ததும் விட்டுப் போனாள். இதெல்லாம் லாஸ்லோவுக்குத் தெரியாது. ஆனால் ரிக்கின் விடுதியில் கால் வைத்த முதல் இரவே அவருக்குப் புரிந்துவிடுகிறது.

ஹோட்டல் அறையில் ஒரு காட்சி உண்டு. நான் முகாமில் இருந்தபோது பாரிஸில் நீ தனிமையாக உணர்ந்தாயா என்று கேட்கிறார். ஆமாம் என்கிறாள். தனிமை எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்கிறார். இல்லை என்கிறாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. உன்னை மிகவும் நேசிக்கிறேன் என்று மட்டும் சொல்கிறார். பிறகு ரிக்கிடமே போய்ப் பேசுகிறார். உங்களுக்கும் என் மனைவிக்கும் இடையில் ஏதோ இருந்தது எனக்குத் தெரியும், இதில் யார் மீதும் பழி இல்லை, அதனால் விளக்கம் கேட்க மாட்டேன் என்கிறார். உங்களிடம் இருக்கும், ஊரைவிட்டு வெளியேற அனுமதிக்கும் பயணக் கடிதங்களை எனக்குத் தர வேண்டாம், அவளைக் கூட்டிக்கொண்டு நீங்களாவது தப்பிப் போங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார். அந்தப் படத்தில் காதலுக்காக முதலில் விட்டுக்கொடுக்க முன்வந்தவர் அவர்தான். கடைசியில் இல்சாவை லாஸ்லோவோடு விமானம் ஏற்றி அனுப்பிவிடும் ரிக் அதற்குப் பிறகுதான் வருகிறான்.

லாஸ்லோவும் கேட்டார், ஒரு தடவை. கேட்டதற்குப் பதிலே கிடைக்காமலும் அவரால் நேசிக்க முடிந்தது. உங்கள் மனைவியோ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார். 15 வருடம் பூட்டி வைத்ததை உங்களை நம்பித்தான் திறந்திருக்கிறார். அந்த நம்பிக்கைக்குத் தினமும் ஒரு விசாரணை கிடைத்தால் அவர் பேச்சைக் குறைக்கத்தான் செய்வார்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் எழுதிய ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. அவர் அழுதது கடிதக் காட்சியில். காதலர்கள் சேர்ந்து சிரிக்கும் பாரிஸ் காட்சிகளில் அழுததாக நீங்கள் எழுதவில்லை. அவர் மனதில் இருப்பதை இங்கிருந்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சொல்லாமல் விட்டு வந்த ஒருவருக்குச் செய்த அநியாயம் என்று ஒரு பாரம் அவருக்குள் இத்தனை வருடம் இருந்திருக்கலாம். குற்ற உணர்வில் வரும் அழுகையை ஏக்கம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் படுகிற பாடு பெரிது.

கேள்விகள் ஏன் ஓயவில்லை என்பதற்கு வருவோம். பதில் கிடைத்ததும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த ருசியை மூளை பிடித்துக்கொள்கிறது. அடுத்த பதற்றத்துக்கும் அதே மருந்தைக் கேட்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி. அதோடு, அவர் சொல்லும் ஒவ்வொரு தகவலும், அந்த இடம், அந்தப் பெயர், உங்கள் கற்பனை வரைகிற படத்துக்குப் புதுச் சரக்காகிவிடுகிறது. அதனால்தான் எதைக் கேட்டாலும் மனம் அடங்காது. கேட்க வேண்டும் என்று தோன்றும்போது கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். முதல் சில நாள் தவிப்பாக இருக்கும், பதில் கிடைக்காமலே அது தணிவதையும் பார்ப்பீர்கள். போனை எடுத்துப் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள்.

கடமைக்காகக் கூட வந்தவள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் எனக்கு வருத்தமாக இருந்தது. விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, லாஸ்லோ எழுந்து போய் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்லும் காட்சியைப் போட்டுப் பாருங்கள். கண்ணீரோடு பாடும் இளம்பெண்ணாக வரும் மத்லேன் லபோ நிஜத்திலேயே 1940-ல் பிரான்சிலிருந்து தப்பி வந்தவர். காட்சியில் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இல்சாவின் முகத்தைப் பாருங்கள். அது லாஸ்லோவைப் பார்க்கிறது, அதில் இருப்பதைக் கடமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படப்பிடிப்பின்போது ரிக், லாஸ்லோ இருவரில் நான் யாரைக் காதலிக்கிறேன் என்று இல்சாவாக நடித்த இங்க்ரிட் பெர்க்மன் கேட்டாராம். இப்போதைக்கு இரண்டுக்கும் நடுவில் நடியுங்கள் என்று பதில் வந்ததாம். இந்தப் படத்தை நான் பலருக்குச் சிபாரிசு செய்வது அந்த முகத்துக்காகத்தான். முன்பு ஒருவரை நேசித்த மனதுக்குள் இன்னொருவர் மீதும் முழு அன்பு இருக்க முடியும் என்பதை எந்த விளக்கமும் இல்லாமல் காட்டும் முகம் அது. 15 வருடம் ஒருவரோடு வாழ்ந்து, பிள்ளை பெற்று, நோயிலும் நொடியிலும் கூட நின்றதை ஒரு பழைய காதல் எப்படி அழிக்கும்?

உங்கள் மனைவியிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். நீ சொன்னதை நம்புகிறேன், இனி இதைக் கேட்க மாட்டேன், உனக்காகப் பேச வேண்டும் என்று தோன்றினால் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன பதில் சொன்னாலும், சொல்லாமல் போனாலும், அன்றைக்கு அது போதும். அவர் அந்தப் படத்தில் பாதிகூடப் பார்க்கவில்லை, லாஸ்லோவின் முக்கியமான காட்சிகளெல்லாம் இனிமேல்தான் வருகின்றன. மீதியைப் பார்க்க அவராக ஆசைப்பட்டால் கூட உட்காருங்கள். ஆனால் நீயாக இருந்தால் யாரோடு போயிருப்பாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஒரு மாதம் இப்படி இருந்தும் தூக்கம் திரும்பவில்லை, வேலையில் கவனம் நிற்கவில்லை, போனைத் தேடும் கையை அடக்க முடியவில்லை என்றால் உங்கள் ஊரிலேயே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இதற்குச் சிகிச்சை உண்டு. முதல் தடவை தனியாகவே போங்கள், அவர் சொன்னால் அடுத்த முறை மனைவியையும் அழைத்துப் போகலாம்.