எல்இடி கணினியில் மின்னவில்லை என்றால் மென்பொருளை மாற்ற வேண்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்கள், இரண்டு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் ஆகியவற்றைக் கொண்டு, இரண்டு எல்இடிகள் மாறி மாறி மின்னும் சுற்றைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை) அமைத்தேன். எல்இடி ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். 12 வோல்ட் கொடுத்ததுமே மின்னியது. அதே சுற்றை எல்டிஸ்பைஸ் என்னும் இலவசச் சிமுலேஷன் மென்பொருளில் (சுற்று எப்படி இயங்கும் என்று கணினியில் கணக்கிட்டுக் காட்டுவது) வரைந்து ஓட்டினால் இரண்டும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கின்றன. இலவச மென்பொருள் அப்படித்தான் இருக்கும், கட்டண மென்பொருளோடு சேர்த்து எங்களிடம் படித்தால் சான்றிதழும் உண்டு என்று ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். சேரலாமா?”

சேர வேண்டாம். உங்கள் மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடையைத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் கேட்க நினைத்த கேள்வி வேறு, அவ்வளவுதான்.

பிரெட்போர்டில் மின்சாரத்தை இணைக்கும் அந்தக் கணத்தில் கெபாசிட்டர்கள் இரண்டும் காலியாக இருக்கின்றன. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த டிரான்சிஸ்டர்களானாலும் ஒன்றின் பெருக்கம், அதாவது சிறு மின்னோட்டத்தைப் பெரிதாக்கும் திறன், மற்றொன்றினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அது முந்திக்கொண்டு கடத்தத் தொடங்கி மற்றதை அணைத்துவிடும். பிறகு ஆட்டம் தானாகவே தொடரும். சிமுலேஷன் அப்படித் தொடங்குவதில்லை. நேரம் சுழியம் என்று கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால், இந்தச் சுற்றுக்கு நெடுங்காலமாகவே மின்சாரம் கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கெபாசிட்டர்களை அறுந்த கம்பிகளாகக் கருதி, ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு வோல்ட் நிலைத்திருக்கும் என்பதை அது முதலில் கண்டுபிடிக்கிறது. உங்கள் சுற்றில் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் திறக்கும் முனையான பேஸுக்கும் 47 கிலோ ஓம் வழியாக ஏறத்தாழ 0.24 மில்லிஆம்பியர் பாய்கிறது. எல்இடி வழியே தேவைப்படுவதோ 10 மில்லிஆம்பியர்தான். பிசி547-இன் பெருக்கம் 100-க்கு மேல் என்பதால் இரண்டு டிரான்சிஸ்டர்களும் முழுமையாகத் திறந்துவிடுகின்றன. முழுமையாகத் திறந்த டிரான்சிஸ்டர் சிறு மாற்றத்தைப் பெருக்கிக் காட்டாது. ஆகவே சுற்று அந்த நிலையிலேயே உறைந்து நிற்கிறது. மின்னழுத்தத்தை மிக மெதுவாக ஏற்றினால் மேசையில் உள்ள உண்மைச் சுற்றும் இப்படியே உறையக்கூடும்.

இதற்குத் தீர்வு இரண்டு சிறு மாற்றங்கள். 12 வோல்ட் மூலத்தைச் சுழியத்திலிருந்து தொடங்கி உடனே 12-க்கு ஏறும் துடிப்பாக மாற்றுங்கள். பேஸ் ரெசிஸ்டர்களில் ஒன்றை 47-க்குப் பதிலாக 46 கிலோ ஓம் என்று எழுதுங்கள். அதன் பிறகு குறைந்தது 5 விநாடிகளுக்கு ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் இந்தச் சுற்றின் ஒரு பாதிச் சுழற்சிக்கே 0.69-ஐ ரெசிஸ்டராலும் கெபாசிட்டராலும் பெருக்கிய அளவு, அதாவது சுமார் 0.32 விநாடி ஆகும். வழக்கமாகப் பழகும் பயிற்சிச் சுற்றுகளுக்கு எழுதுவதுபோல 10 மில்லிவிநாடி என்று எழுதினால் நேர்க்கோட்டைத் தவிர வேறெதையும் காண முடியாது.

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லித்தர 5 நிமிடம் போதும். அந்த 5 நிமிடத்தைச் செலவிடாமல் மென்பொருள்மீது பழியைப் போட்டவர், ஒன்று விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்தே உங்களிடம் விற்க வந்தவர். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவரிடம் கற்க ஒன்றுமில்லை.

இலவசம் என்றால் தரக்குறைவு என்று நம்பவைப்பது இந்தத் துறையில் ஒரு பிழைப்பாகவே ஆகிவிட்டது. ஸ்பைஸ் என்னும் கணக்கீட்டு முறை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் எழுதியது. 1973-இல் வெளியுலகுக்கு வந்தது. எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அதைக் கொடுத்ததால்தான் உலகெங்கும் பரவியது. இன்று பெரும் விலைக்கு விற்கப்படும் பல மென்பொருள்களும், இலவசமாகக் கிடைக்கும் எல்டிஸ்பைஸும், மூலநிரலோடு கிடைக்கும் என்ஜிஸ்பைஸும் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவையே. ஆகவே உங்கள் எல்இடி சுற்றைக் கட்டண மென்பொருளில் வரைந்தாலும் தொடக்க நிலையைச் சொல்லாவிட்டால் அதே உறைந்த விடை வருவதற்கே வாய்ப்பு மிகுதி. அப்போது அந்த மையம் என்ன சொல்லும் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வகை இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். கட்டண மென்பொருளின் பூட்டை உடைத்த நகலைக் கொடுத்து, நிறுவும்போது வைரஸ் தடுப்பானை அணைத்துவிடுங்கள் என்று கூடவே சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் கடவுச்சொற்களையும் கோப்புகளையும் யாரோ ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, வீட்டிலிருந்தே இலவசமாகச் செய்யக்கூடிய கணக்கைச் செய்ய வேண்டிய தேவை எந்த மாணவருக்கும் இல்லை. சான்றிதழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மென்பொருளின் பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும் என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. கல்லூரிகளில் செய்முறைக் குறிப்பேட்டில் அலைவடிவப் படம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள்; அந்த அலை ஏன் அங்கிருந்து தொடங்குகிறது என்று ஒரு கேள்வி கேட்பவரைக் காண்பது அரிதாகிவிட்டது. வேலை அறிவிப்புகளும் மென்பொருள்களின் பெயர்களைத்தான் அடுக்குகின்றன. இப்படிக் கேட்கும் இடமும் சோதிக்கும் இடமும் படத்தோடு நின்றுவிடுவதால்தான், படம் வராத மாணவர் தரகரிடம் போய் நிற்கிறார்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒரு பொறியை இங்கேயே காட்டிவிடுகிறேன். ஸ்பைஸ் மென்பொருள்களில் எம் என்ற எழுத்து, சிறியதானாலும் பெரியதானாலும், மில்லி என்றுதான் பொருள்படும். 1 மெகா ஓம் என்று எண்ணி 1 எம் என்று எழுதினால், நீங்கள் போட்டிருப்பது ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெகாவுக்கு எம், இ, ஜி என மூன்று எழுத்துகளையும் எழுத வேண்டும். அதேபோல 1-க்குப் பின்னால் எஃப் என்று மட்டும் எழுதினால் அது 1 ஃபாரட் அன்று, 1 ஃபெம்டோஃபாரட், அதாவது ஏறத்தாழ ஒன்றுமே இல்லாத அளவு.

இனி, சிமுலேஷனில் எல்இடிகள் மின்னத் தொடங்கியதும் நீங்கள் கவனிக்கப்போகும் வேறுபாடு ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரெட்போர்டுச் சுற்று கணினியில் மின்னுவதைவிடச் சற்று வேகமாக மின்னக்கூடும். மின்பகு கெபாசிட்டர்களின் அளவு அச்சிட்டதிலிருந்து 20 விழுக்காடு வரை விலகுவது வழக்கம் என்பது ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. கணினியில் ஒரு டிரான்சிஸ்டரின் பேஸ் முனையில் மின்னழுத்தத்தை அளக்கும் புரோபை வைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்க டிரான்சிஸ்டர் திறக்கும் கணத்தில் இந்தப் பேஸ் சுழியத்துக்குக் கீழே 9 வோல்ட் அளவுக்குத் தள்ளப்படுவதைக் காண்பீர்கள். பிசி547-இன் பேஸுக்கும் மின்னோட்டம் வெளியேறும் முனையான எமிட்டருக்கும் இடையே தலைகீழாக 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அதன் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாள் சொல்கிறது. அந்த எல்லையைத் தாண்டிச் சற்று மேலே போனதும் உண்மையான டிரான்சிஸ்டரில் பேஸும் எமிட்டரும் சேரும் சந்தி தலைகீழாகக் கடத்தத் தொடங்கி, கெபாசிட்டரில் இருக்க வேண்டிய மின்னூட்டத்தில் ஒரு பகுதியைக் கசியவிட்டுவிடும். அதனால் நேரம் குறையும், டிரான்சிஸ்டரின் பெருக்கமும் நாளடைவில் தேயும். வழக்கமான டிரான்சிஸ்டர் மாடலில், அதாவது அதன் இயல்பை மென்பொருளுக்குச் சொல்லும் எண்களின் தொகுப்பில், இந்த உடைவைக் குறிக்கும் எண்ணே இல்லாததால் கணினி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழகான அலையை வரைந்து கொடுக்கும். கணினியில் எந்தப் பாகமும் புகைவதில்லை. ரெசிஸ்டரே இல்லாமல் எல்இடியை 12 வோல்ட்டில் இணைத்தாலும் சில ஆம்பியர் என்று ஓர் எண்ணைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஆகவே ஒவ்வொரு பாகத்தின் தரவுத்தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலையின் உச்சமும் பள்ளமும் அதன் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். இந்த வேலையை எந்த விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உங்களுக்காக முழுமையாகச் செய்துவிடாது.

உங்கள் சுற்றில் இதைச் சரிசெய்ய, மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்து, எல்இடியோடு சேர்ந்திருக்கும் ரெசிஸ்டரை 330 ஓமாக மாற்றலாம். 12 வோல்ட்டையே வைத்துக்கொள்ள விரும்பினால், கெபாசிட்டரும் 47 கிலோ ஓமும் சேரும் புள்ளிக்கும் பேஸுக்கும் இடையே ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு 1என்4148 டயோடைப் பேஸை நோக்கிக் கடத்தும்படி இணையுங்கள். முதலில் இந்த மாற்றத்தை எல்டிஸ்பைஸில் ஓட்டி 10 மின்னல்களுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரெட்போர்டில் அதே 10 மின்னல்களை கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 20 விழுக்காட்டுக்குள் இருந்தால் அது கெபாசிட்டரின் விலகல் என்று ஒப்புக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். அதற்கு மேல் இருந்தால் முதலில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் மதிப்புகளைச் சரிபாருங்கள்; டயோடு போட்ட பிறகு மின்னவே இல்லை என்றால் டயோடின் திசையைப் பாருங்கள்.