மந்திரத்துக்கு என்ன விலை?

கேள்வி: அக்கா, எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். கோலாலம்பூரில் படிக்கும் என் அண்ணன், கட்டாயம் படிக்க வேண்டிய ஃபேன்டஸி (மாய உலக) நாவல்கள் என்று நாற்பது ஆங்கிலப் புத்தகங்களின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். கையிலிருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம். அம்மா, “பேய்க்கதைக்கா காசு?” என்கிறார். எதை வாங்குவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நாற்பதா! அதில் அவன் எத்தனை படித்தான் என்று முதலில் கேள், தங்கச்சி.

நான் பார்ப்பது ஒன்றுதான். கதை நடக்கும் உலகத்தில் மந்திரத்துக்கு விலை உண்டா? கை நீட்டினால் நெருப்பு, கண் மூடினால் கோட்டை என்றால் இருபதாம் பக்கத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’யை வாங்கு. அங்கே ஒன்றின் மெய்ப்பெயர் தெரிந்தால் அதை ஆளலாம். அதனால் யாரும் தன் மெய்ப்பெயரைக் கண்டவரிடம் சொல்வதில்லை. படித்ததும் எனக்கு எங்கள் தோட்டத்து லயம், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், ஞாபகம் வந்தது. இருட்டியபின் பால்மரக் (ரப்பர்) காட்டுப் பக்கம் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் முறை கேட்கும்வரை வாயைத் திறக்காதே என்பார் பாட்டி.

இன்னோர் இடம். மந்திரத்தால் ஒரு தீவில் மழையை வரவழைத்தால் வேறொரு தீவு காய்ந்துபோகலாம் என்று அங்கே மந்திரப் பள்ளி மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வீட்டில் இதற்கு விளக்கமே வேண்டாம். விடியற்காலை மழை பிடித்தால் மரம் ஈரம். பால்வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. தாத்தா பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டியோ கீரைப் பாத்தி நனைந்த சந்தோஷத்தில் இருப்பார்.

‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ பட்டியலில் இருக்குமே? மோதிரம் போட்டவன் மறைந்துபோவான், ஆனால் அது அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அங்கேயும் விலை உண்டு. ஆனால் மூன்று பாகம், ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதை அண்ணனிடம் இரவல் வாங்கிக்கொள்.

சரி, இனி அம்மா விஷயம். அவரிடம் வாதாடாதே, ‘எர்த்சீ’யின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல். தாயில்லாத பையன், ஆடு மேய்க்கிறான். பெரியம்மா சொன்ன மந்திரத்தை ஒட்டுக்கேட்டு அவனும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் ஓடி வந்து அவனை நெருக்கிக்கொள்கின்றன. கூப்பிடத் தெரிந்தவனுக்கு விரட்டத் தெரியவில்லை. அழுதுகொண்டே ஊருக்குள் ஓடுகிறான், ஆடுகளும் கூடவே. அங்கே நிறுத்தி, மீதியைப் பசியாறியபின் சொல்கிறேன் என்று எழுந்து போ.