சவப்பெட்டி வேண்டாம், தம்பி

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், கெடாவின் பீடோங் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையில் இருக்கிறேன். அண்மையில் எங்கள் ஐந்தாம் படிவப் பையன் ஒருவன் குடித்துவிட்டு மோட்டாரில் போய் லோரியில் மோதி இறந்துவிட்டான். அதனால் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்று பேச்சு. நொறுங்கிய மோட்டாரைத் திடலில் வைப்பது, சில மாணவர்களுக்கு ரத்தம்போல் சாயம் பூசிப் படுக்க வைப்பது, மண்டபத்தில் ஒரு சவப்பெட்டி வைப்பது. காலையில் போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து "உங்கள் நண்பன் நேற்றிரவு விபத்தில் இறந்துவிட்டான்" என்று சொல்லி, மதியம்தான் அது நாடகம் என்று தெரிவிப்பது என்றும் ஒரு யோசனை இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிச் செய்கிறார்களாம். பிள்ளைகள் நன்றாக அழட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று செயலவையில் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் வீட்டில் இதைச் சொன்னபோது என் மகன், "கல்யாண வீட்டுல குடிச்சிட்டு நீங்களே எங்கள ஏத்திக்கிட்டு வரலையாப்பா?" என்று கேட்டுவிட்டான். இப்படிப் பயமுறுத்துவது பலன் தருமா? நான் ஒப்புதல் கையெழுத்துப் போடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பிக்கு,

சில வாரங்களாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கேட்டதற்கு முதலில் பதில்: பலன் தராது. கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் போலீஸ்காரர் யோசனையை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2008 மே மாதம், கலிபோர்னியாவில் ஓஷன்சைட் என்ற ஊரின் உயர்நிலைப்பள்ளி. அதிகாரிகள் வகுப்பு வகுப்பாகப் போய், உங்களோடு படித்தவர்கள் வார இறுதியில் குடிபோதை விபத்தில் இறந்துவிட்டார்கள் என்றார்கள். பிள்ளைகள் கதறி அழுதார்கள். சில மணி நேரம் கழித்து, எல்லாம் பொய், உங்களுக்குப் பாடம் புகட்டத்தான் செய்தோம் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் திருந்திய முகத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. சாவு நிஜமானது, எங்கள் மனதோடு விளையாடாதீர்கள் என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் சாவைப் பற்றியே பொய் சொல்வார்கள் என்பதுதான் அன்றைக்கு அவர்கள் படித்த பாடம். நாளைக்கு அதே பெரியவர் வந்து, குடித்தால் ஓட்டாதே என்று சொன்னால் எந்தப் பிள்ளை காது கொடுக்கும்?

நீங்கள் சொல்லும் மற்றவை, அந்தச் சாயம், சவப்பெட்டி எல்லாம், அங்கே 1990 வாக்கில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் நடத்தத் தொடங்கிய நிகழ்ச்சியிலிருந்து வந்தவை. அன்றைக்கு அந்த நாட்டில் 15 நிமிடத்துக்கு ஒருவர் மது தொடர்பான விபத்தில் இறக்கிறார் என்று சொல்லப்பட்ட கணக்கையே அதற்குப் பெயராக வைத்தார்கள். காலன் வேடத்தில் ஒருவர் வந்து 15 நிமிடத்துக்கு ஒரு மாணவரை வகுப்பிலிருந்து கூட்டிப்போவார். போனவர் முகத்தில் வெள்ளை பூசித் திரும்பி வருவார், யாரோடும் பேசமாட்டார். மறுநாள் போலி இறுதிச் சடங்கு. இதை ஆராய்ந்தவர்கள் கண்டது, நிகழ்ச்சி முடிந்த கையோடு கேட்டால் பிள்ளைகள் நல்ல பதில் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் நடப்பது நெடுநாளைக்கு மாறியதாகக் காட்ட முடியவில்லை என்பதுதான். அந்த இடைவெளி இன்று அரை மணிக்கும் மேலாகியிருப்பது உண்மை. அதற்குக் காரணம் தேடினால் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது என்று 1984 சட்டத்தின் வழியாக எல்லா மாநிலங்களிலும் கொண்டுவந்தது, சாலைச் சோதனை, இளையோருக்குப் படிப்படியாக லைசென்ஸ் கொடுப்பது, காரின் பாதுகாப்பு என்று பட்டியல் போகிறது. சவப்பெட்டிக்கு அதில் இடமில்லை.

1953-இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனெக்டிகட்டில் ஒரு பள்ளியில் பல் துலக்குவதைப் பற்றி உரை வைத்தார்கள். ஒரு குழுவுக்கு அழுகிய ஈறு, சொத்தைப் பல் என்று கோரமான படங்கள். இன்னொரு குழுவுக்கு அமைதியான விளக்கம். அதிகம் பயந்தது முதல் குழு. சொன்னபடி பல் துலக்குவதில் பின்தங்கியதும் அதே குழுதான். பயம் மட்டும் கொடுத்து, வெளியேறும் வழியைக் காட்டாவிட்டால், மனம் அந்தப் பேச்சையே தள்ளி வைத்துவிடும்.

இது அமெரிக்கப் பிள்ளைகளின் கதை, நம் பிள்ளைகள் வேறு என்று உங்கள் செயலவையில் யாராவது சொல்லலாம். அவர்களுக்காக, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் ஆரம்பப்பள்ளியில் படித்த ஒரு பையன், உங்கள் ஊர்ப் பையனைப் போலவே போனான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பத்துப் பதினைந்து நண்பர்கள், எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை, முதுகில் இறந்தவனின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி. அந்தப் பையனின் அம்மா ஒவ்வொருவன் கன்னத்தையும் தடவி, "நீயாவது பத்திரமா போ சாமி" என்றார். அத்தனை பேரும் அழுதார்கள். நாடகத்தில் வரும் அழுகை இல்லை அது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். சாப்பாடு முடிந்தது. வீட்டுக்குப் பின்னால், செம்பனைக் கன்று ஓரத்தில் மோட்டார்களை வட்டமாக நிறுத்தினார்கள். ஒருவனின் முன்கூடையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை, அதற்குள் பீர் டின்கள். முதல் டின்னைத் திறந்து கொஞ்சம் மண்ணில் ஊற்றினார்கள், இறந்தவனுக்காம். மீதியை அவர்கள் குடித்தார்கள். இருட்டிய பிறகு அதே மோட்டாரில் வரிசையாகக் கிளம்பினார்கள். இரண்டு தலைக்கவசங்கள் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

தம்பி, அதைவிடப் பெரிய அதிர்ச்சியை எந்தப் பள்ளிக்கூடம் கொடுத்துவிட முடியும்? நிஜப் பிணத்தைத் தூக்கிய தோள்கள் அவை.

"பிள்ளைகள் அழட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. இறந்த பையனின் தங்கையோ மாமன் மகளோ அதே பள்ளியில் இருப்பார்கள் என்று ஒருவருக்காவது தோன்றியதா? அண்ணனைச் சுடுகாட்டில் விட்டுவந்த பிள்ளையின் முன்னால் போய் சாயம் பூசிய இன்னொரு பிள்ளையைப் படுக்கவைக்கப் போகிறீர்களா? அழுகிற பிள்ளைகளைப் பார்த்தால் நமக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதி வருகிறது. அது பெரியவர்களின் நிம்மதி, பிள்ளைகளின் பாதுகாப்பு இல்லை.

ஒழுக்கம் கெட்டுவிட்டது, கைப்பேசி கெடுத்துவிட்டது, சினிமா கெடுத்துவிட்டது என்றெல்லாம் கூட்டத்தில் பேசுவார்கள். பேசட்டும், அதில் எனக்கு அக்கறை இல்லை. என் அக்கறை வேறு இடத்தில்.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கெடாவில் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி கள்ளுக்கு எதிராக நடத்திய தொண்டர் படையைப் பற்றி அவர் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். 1946, 1947 காலம். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, சம்பள நாளில் காசு ஒரு வாசலில் கைக்கு வந்து இன்னொரு வாசலில் போனது. தொண்டர் படையினர் குடிகாரனுக்குப் பிணத்தைக் காட்டிப் பயமுறுத்தவில்லை, கடைவாசலில் போய் நின்றார்கள். "மாமனார் வருவார், வாசலில் மருமகன் நிற்பான், துண்டை உதறிப் போட்டுக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிடுவாரு" என்பார் பாட்டி. அரசாங்கமும் முதலாளிகளும் அதைப் பொறுக்கவில்லை, 1947-இல் போலீஸை வைத்து அடித்து ஒடுக்கினார்கள். இதே பீடோங் வட்டாரத்தில்தான் நடந்தது. நம் பிள்ளைகளுக்கு ஸ்போக்கேன் தெரிய வேண்டியதில்லை, இது தெரிய வேண்டும். கூலிக்காரர்களாக இருந்த நம் முன்னோர் குடியை எங்கே பிடித்தால் நிற்கும் என்று கண்டுபிடித்திருந்தார்கள்: விற்கிற இடத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. அந்தக் காலத்துக் குடிகாரன் நடந்து வீட்டுக்குப் போனான். கடைக்கும் லயத்து வீட்டுக்கும் கூப்பிடு தூரம். மிஞ்சிப்போனால் கால்வாயில் விழுந்து கிடப்பான், பெண்டாட்டி போய் இழுத்து வருவாள். பெண்டாட்டி பட்ட அடிக்கும் பட்டினிக்கும் அளவில்லை, அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் சாலையில் செத்தவன் அரிது. பிறகு தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீட்டுமனை வந்தது. நம் ஆட்கள் பட்டணத்து ஓரத்துத் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். கோயில் பழைய தோட்டத்திலேயே நின்றுவிட்டது, கல்யாண மண்டபம் சுங்கைப்பட்டாணியில், வேலை கூலிமில். நடுவில் இருட்டுச் சாலை. இரவில் பஸ் கிடையாது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்ற மட்டும் நள்ளிரவிலும் கம்பெனி பஸ் வரும். திருவிழா முடிந்து வீடு திரும்ப எதுவும் வராது. பையன் மோட்டாரை எடுக்காமல் என்ன செய்வான்? நம் நாட்டில் ஆண்டுதோறும் ஆறாயிரம் பேர் அளவில் சாலையில் சாகிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள்தாம்.

சட்டத்தைப் பாருங்கள். 16 வயதில் மோட்டார் லைசென்ஸ் எடுக்கலாம். மது வாங்க 21 ஆக வேண்டும், 2017 டிசம்பர் 1 முதல் அப்படித்தான். 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், முன்பு அது 80. குடித்து ஓட்டி உயிரைப் பறித்தால் முதல் முறையே 10 முதல் 15 ஆண்டு சிறை. சட்டம் போதுமான கடுமையோடுதான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் பை எந்தக் கடையிலிருந்து வந்தது? பள்ளிச் சட்டையை மாற்றாமல் வந்த பையனிடம் மைகார்டு அடையாள அட்டையைக் கேட்காத கடை எது என்று உங்கள் தாமானில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருக்கிறோம். அந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்க நமக்குக் கூச்சம், பிள்ளையிடம் சவப்பெட்டியைக் காட்ட மட்டும் கூச்சமில்லை.

அப்புறம் உங்கள் மகனின் கேள்வி. அதைக் கடிதத்தின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்தக் கடிதத்திலேயே பெரிய வரி அதுதான். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் குடிப்பதைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் இருக்கிறதா? "போய் ஐஸ் வாங்கிட்டு வாடா" என்று அனுப்பப்பட்டு, அங்கேயே நின்று கற்றுக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். பிறகு அப்பா சாவியை எடுக்கிறார், அம்மா முன்னிருக்கையில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்துகொண்டு ஒன்றும் பேசுவதில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது இதுதான்: குடித்தாலும் ஓட்டலாம், அப்பா ஓட்டினார், வீடு வந்து சேர்ந்தோம். அந்த அனுபவத்துக்கு எதிராக உங்கள் நாடகம் ஒரு மதியம்கூட நிற்காது. உங்கள் மகன் உங்களை அவமானப்படுத்தவில்லை, தம்பி. நீங்கள் வீடு வந்து சேர வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை. அவனிடம், இனிமேல் குடித்தால் சாவியைத் தொடமாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லி, அடுத்த கல்யாணத்தில் செய்து காட்டுங்கள். உங்கள் மனைவியை ஓட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்துதான் எதையாவது எடுக்க வேண்டும் என்றால், 1981-இல் மாசசூசெட்ஸின் வேலண்ட் பள்ளியில் மாணவர்களும் பெற்றோரும் போட்டுக்கொண்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. நான் குடித்திருந்தாலோ, ஓட்டுகிறவன் குடித்திருந்தாலோ, எந்த நேரமானாலும் உங்களைக் கூப்பிடுவேன் என்று பிள்ளை கையெழுத்துப் போடுவான். எந்த நேரமானாலும், எங்கே இருந்தாலும் வந்து கூட்டிப்போவேன், அந்த இடத்தில் வாக்குவாதம் செய்யமாட்டேன் என்று பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். உங்கள் பள்ளியில் இதைத் தமிழிலும் மலாயிலும் அச்சடித்துக் கொடுங்கள். நம் பையன்கள் ஏன் கூப்பிடமாட்டார்கள் தெரியுமா? செத்துவிடுவோம் என்ற பயத்தைவிட அப்பாவின் பெல்ட்டுக்குப் பயம் அதிகம். அந்தப் பயத்தைக் குறைத்தால் சில பிள்ளைகள் பிழைப்பார்கள்.

நொறுங்கிய மோட்டாரைக் கொண்டுவரும் லோரி வாடகை, சாயம், பந்தல், அன்றைய சாப்பாடு என்று எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கணக்குப் பாருங்கள். அந்தக் காசில் தீபாவளி இரவும், கோயில் தீமிதி இரவும், ஐந்தாம் படிவத் தேர்வு முடிகிற இரவும் ஒரு வேன் ஓட்டலாம். பழைய தோட்டத்துக் கோயிலிலிருந்து தாமான் வரைக்கும், நள்ளிரவு தாண்டும்வரை. குடித்தவனா குடிக்காதவனா என்று கேட்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுவதற்குக் குடிக்காத அப்பாக்கள் நாலு பேர் கிடைத்தால் போதும், அந்த வரிசையில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரரைப் பார்க்கப் போகும்போது பெண்களையும் கூட்டிப்போங்கள், என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன். கூட்டம் எந்தத் தேதி என்று எழுதவில்லை. தேதியையும் நேரத்தையும் அனுப்புங்கள், வேனுக்கு என் பங்காக இருநூறு வெள்ளி கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
டீச்சர்