அட்டவணையில் இல்லாத ஐந்து நிமிடம்

கேள்வி: மதிய ஷிஃப்ட்டுக்கு டவுன் பஸ்ஸில் போகிறவன் நான். பாதி வழியில் டிப்போ பக்கத்து ஸ்டாப் வந்ததும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறார். டூட்டி மாறுகிறதாம். அடுத்தவர் வர 10 நிமிடம், சில நாள் 20 நிமிடம். உள்ளே அத்தனை பேரும் வெந்துகொண்டிருக்கிறோம். இன்னும் ஐந்து ஸ்டாப் ஓட்டிவிட்டு இறங்கினால் குறைந்தா போய்விடுவார்? இவர்களுக்கு மனிதாபிமானமே கிடையாதா? கூடவே இறங்கிப்போன கண்டக்டரிடம் என் மீதி 15 ரூபாயும் போனது.
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்: நீங்களும் ஷிஃப்ட் வேலைக்காரர். அதனால் பதில் சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் 20 நிமிடம் தாமதமாகப் போனால், அங்கே காலை ஷிஃப்ட்காரர் ஒருவர் உங்களுக்காக நின்றுகொண்டிருப்பார். "இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவாய்?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருமோ, அதுதான் டிரைவரின் பதிலும். அவர் விடியும் முன்பே எழுந்து வண்டி எடுத்தவர். மதியம் ஒரு மணி வெயிலில், நெரிசலில், கிளட்சை மிதித்து மிதித்து ஓய்ந்த காலோடு ஐந்து ஸ்டாப் கூடுதலாக ஓட்டச் சொல்கிறீர்கள். உட்கார்ந்திருப்பது நீங்கள்தான், யோசித்துச் சொல்லுங்கள்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கோடு போட்டிருந்தது. 5 மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. இதெல்லாம் பலருக்குத் தெரியும். அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி இருந்தது. டூட்டிக்குக் கையெழுத்துப் போட்ட இடத்திலிருந்து வண்டியை ஏற்கும் இடத்துக்குப் போகும் நேரம், வண்டியைப் பொறுப்பேற்கும் நேரம், கணக்கு முடித்துப் பணம் கட்டும் நேரம், இவை எல்லாமே வேலை நேரம்தான் என்றது அது. டூட்டி மாறுவதற்கு நேரம் பிடிக்கும் என்று அறுபது வருடத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் நேர அட்டவணை போடுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. நீங்கள் போகும் பஸ்ஸின் அட்டவணை கிடைத்தால் பாருங்கள். அந்த ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவே ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக இருக்காது.

நிஜத்தில் என்ன நடக்கிறது? புதிதாக ஏறும் டிரைவர் கண்ணாடியைத் திருப்ப வேண்டும், பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும், "செகண்ட் கியர் விழ மாட்டேங்குது" என்று இறங்குகிறவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டில் துண்டை விரிப்பது தனி. கண்டக்டர் பாடு இன்னும் பெரிசு. பை அவருடையது, பணம் அவர் பொறுப்பு, பத்து ரூபாய் குறைந்தால் அவர் தலையில். அதனால் கணக்கை மூடாமல் அவர் நகர மாட்டார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். மீதிப் பதினைந்து நிமிடம் எப்படி வருகிறது என்றால், வண்டியை ஏற்க வேண்டியவர் பெரும்பாலும் இன்னொரு பஸ்ஸில்தான் வருகிறார். அதுவும் இதே நெரிசலில்தான் நிற்கிறது!

எனக்கு எரிச்சல் வருவது அந்த மௌனத்தில்தான். "டூட்டி மாறுது, பத்து நிமிஷம் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் டீ குடிக்கிறவன் குடிப்பான், அவசரக்காரன் ஷேர் ஆட்டோ பிடிப்பான். யாரும் சொல்வதில்லை. பின்னால் அதே தட எண்ணில் அடுத்த பஸ் வந்து நம்மைத் தாண்டிப் போகும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் சட்டென்று இறங்கி அதில் ஏறிவிடுகிறார்கள். காசு கொடுத்த ஆண்கள்தான் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மனைவி முன்னால் போய்விட, நான் அரை மணி கழித்துக் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்த கதையும் உண்டு. பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது.

டிப்போவின் கிளை மேலாளருக்கு எழுதுங்கள். டிரைவர் மேல் புகாராக எழுதினால் ஒரு மெமோவோடு விஷயம் முடிந்துவிடும், மறுநாளும் பஸ் அங்கேயே நிற்கும். தட எண், நின்ற நேரம், கிளம்பிய நேரம், இதை ஒரு வாரம் குறித்து அனுப்புங்கள். டூட்டி மாற்றத்தைப் பேருந்து நிலையத்துக்கு மாற்ற முடியுமா, முடியாவிட்டால் அட்டவணையில் அந்த ஐந்து நிமிடத்தைச் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் அந்த 15 ரூபாய். "இறங்கும்போது வாங்கிக்குங்க" என்று கண்டக்டர் சொல்லியிருப்பார், நீங்கள் இறங்கும்போது என்று நினைத்தீர்கள், அவர் முதலில் இறங்கிவிட்டார். டிப்போவுக்கு முந்தின ஸ்டாப்பிலேயே எழுந்து போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், ஜன்னலோர சீட் கிடைக்காத நாட்களில்.