எந்த மரபணு, யார் கையில்? மரபணு மாற்றுப் பயிர்கள்: கேள்வி பதில்

தாவர மரபியலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்க்கிறேன். செடிக்குள் மரபணுவைச் செலுத்தும் வேலையை ஆய்வகத்தில் என் கையாலேயே செய்திருக்கிறேன். மரபணு மாற்றுப் பயிர்களை (சுருக்கமாக ஜிஎம்) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஜிஎம் பயிர் நல்லதா, கெட்டதா?

ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டால், ஊசிக்குள் என்ன மருந்து என்றுதான் மருத்துவர் முதலில் பார்ப்பார். இங்கேயும் அப்படித்தான். ஹவாயில் 1992-ல் பூனா பகுதிப் பப்பாளித் தோட்டங்களில் வளையப்புள்ளி வைரஸ் புகுந்து மரங்களை வரிசை வரிசையாக அழித்தது. டென்னிஸ் கொன்சால்வஸும் அவருடன் இருந்த பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்த வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவையே பப்பாளிக்குள் வைத்தார்கள். வைரஸ் நுழைந்தால் அடையாளம் கண்டு அடக்கிவிடும் திறன் மரத்துக்கு வந்தது. 1998-ல் அந்த விதையை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். பப்பாளித் தொழில் பிழைத்தது.

1996-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சோயா வேறு மாதிரி. அதில் வைத்த மரபணுவின் ஒரே வேலை, விதையை உருவாக்கிய நிறுவனமே விற்கும் களைக்கொல்லியைத் தாங்கிக்கொள்வது. இரண்டுக்கும் பெயர் ஜிஎம். பப்பாளியை நான் மனமார ஆதரிக்கிறேன். அந்தச் சோயாவைப் பயன்படுத்திய விதத்தில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. எந்தப் பயிர் என்று சொல்லாமல் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: அந்த மரபணு சாப்பாட்டு வழியா நம்ம உடம்புக்குள்ள ஒட்டிக்காதா அக்கா?

ஒட்டாது. எந்தக் காயை, எந்தப் பழத்தைச் சாப்பிட்டாலும் அதன் மரபணுக்கள் அத்தனையையும் சேர்த்தே சாப்பிடுகிறோம். குடல் அவற்றைத் துண்டு துண்டாக உடைத்துவிடுகிறது. ஆய்வகத்தில் மரபணுவைச் செடிக்குள் கொண்டுசெல்ல அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவைத்தான் நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவோம். அதே பாக்டீரியாவின் மரபணுக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குள் இயற்கையாகவே நுழைந்து தங்கிவிட்டதை 2015-ல் கண்டுபிடித்தார்கள். பயிரிடப்படும் 291 வகைகளைச் சோதித்தார்கள், அத்தனையிலும் இருந்தது. மனிதர்கள் அதை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார்கள்.

கேள்வி: எலிகளுக்குப் பெரிய பெரிய கட்டி வந்த படம் பார்த்தேன். அதுக்கு என்ன சொல்றீங்க?

அது எலிகளுக்கு மரபணு மாற்று மக்காச்சோளம் கொடுத்துப் பார்த்த ஆய்வு. பிரான்ஸில் செராலினி என்ற ஆய்வாளரின் குழு 2012-ல் வெளியிட்டது. அந்த ஆய்வில் பயன்படுத்திய எலி இனத்துக்கு, என்ன தீனி போட்டாலும் இரண்டு வயதுக்குள் கட்டி வருவது சாதாரணம். ஒரு குழுவில் பாலினத்துக்கு 10 எலிகள்தான். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் தானாக வந்த கட்டி எது, தீனியால் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது. வெளியிட்ட இதழ் 2013-ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு அது வேறொரு இதழில் மறுபடி வந்தது.

ஆனால் நீண்ட காலம் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் இரண்டு ஆண்டு எலி ஆய்வைக் கூடுதல் எலிகளோடு முறையாகச் செய்தார்கள். தீங்கு தென்படவில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழு 900-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு 2016-ல் கொடுத்த அறிக்கையும், இப்போது புழக்கத்தில் உள்ள மரபணு மாற்று உணவால் மற்ற உணவைவிடக் கூடுதல் ஆபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது, அதை விற்பவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை: அமெரிக்காவின் மக்காச்சோளம், சோயா, பருத்தி விளைச்சல் உயர்ந்துவந்த வேகத்தை இந்தத் தொழில்நுட்பம் கூட்டியதாகப் புள்ளிவிவரத்தில் தெரியவில்லை.

கேள்வி: என் பையனுக்குக் கொட்டை வகை எதுவும் ஒத்துக்காது. கொட்டையோட மரபணுவை வேற பயிர்ல வச்சா எனக்கு எப்படித் தெரியும்?

உங்கள் பயம் கற்பனை இல்லை அம்மா, நடந்திருக்கிறது. சோயாவில் ஒரு சத்தைக் கூட்டுவதற்காக பிரேசில் கொட்டையின் புரத மரபணுவை வைத்தார்கள். அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தில் சோதித்தபோது, ஒவ்வாமையைக் கிளப்பும் புரதமே அதுதான் என்று தெரிந்தது. முடிவை 1996-ல் வெளியிட்டார்கள். அந்தச் சோயா விற்பனைக்கு வரவே இல்லை. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு புரதத்தையும் ஏற்கெனவே தெரிந்த ஒவ்வாமைப் புரதங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று வழக்கமான சோதனை.

காவல் தவறியதும் உண்டு. கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி பெற்ற ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளம் 2000-ல் அமெரிக்காவில் மனிதர் உண்ணும் பண்டங்களில் கலந்துவிட்டது. பண்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். ஒவ்வாமை என்று புகார் கொடுத்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது அந்தப் புரதம் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தாலும், காகிதத்தில் பிரித்துவைத்த தானியம் கிடங்கில் பிரிந்து நிற்காது என்பது அன்று தெரிந்தது. ஒரு தாய் விவரம் கேட்பதை அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: புழுவைக் கொல்ற விஷம் செடிக்குள்ளயே இருக்கு. நம்மள மட்டும் எப்படி விட்டுவைக்கும்?

பி.டி. என்பது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். அதன் மரபணுவைச் செடிக்குள் வைத்தால், புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உருவாக்கும். அந்தப் பி.டி. புரதம் பூட்டுக்கேற்ற சாவி மாதிரி. காய்ப்புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. அங்கேதான் புரதம் கரைந்து, குடல் சுவரில் பூட்டு மாதிரி உள்ள குறிப்பிட்ட ஏற்பியில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடுகிறது. நம் வயிறு அமிலம், அந்த ஏற்பியும் நம்மிடம் இல்லை. இதே பாக்டீரியாவைத்தான் இயற்கை விவசாயிகள் பல பத்தாண்டுகளாகத் தெளித்து வருகிறார்கள்.

கேள்வி: நான் விவசாயி. பி.டி. பருத்தி வந்த புதுசுல மருந்துச் செலவு குறைஞ்சது உண்மை. இப்போ புழு மறுபடி காயைத் துளைக்குது. ஏமாத்திட்டாங்களா?

ஐயா, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் துறையில் என்னை மிகவும் வாட்டுகிற விஷயம் இது.

எந்தப் பூச்சிக்கூட்டத்திலும் விஷத்தைத் தாங்கும் ஒன்றிரண்டு இருக்கும். ஊரெங்கும் பி.டி. மட்டும் நின்றால் மற்றவை செத்து, தாங்கியவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும். பக்கத்தில் கொஞ்சம் சாதாரணப் பருத்தி இருந்தால், அதில் வளர்ந்த சாதாரண அந்துப்பூச்சிகள் தாங்கியவற்றோடு இணையும். அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பி.டி. செடியில் செத்துவிடும். இதுதான் புகலிடப் பயிர். இந்தியாவில் 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தபோது 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தச் சிறு பொட்டலத்தைப் பெரும்பாலானோர் விதைக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக எதுவும் கொடுக்கவில்லை. எதற்காக விதைக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவும் ஆள் இல்லை.

பச்சைக் காய்ப்புழு பல பயிர்களில் வாழும். மற்ற பயிர்களே அதற்குப் புகலிடம் ஆகிவிட்டன. இளஞ்சிவப்பு காய்ப்புழுவுக்குப் பருத்தியை விட்டால் கிட்டத்தட்ட வேறு போக்கிடம் இல்லை. அதனால் அதுதான் முதலில் மாறியது. 2010 வாக்கில் குஜராத்தில் ஒற்றை மரபணு விதையைத் தாங்கியது. 2006-ல் வந்த இரட்டை மரபணு விதையையும் அடுத்த சில ஆண்டுகளில் தாங்கிக்கொண்டது. நீண்ட நாள் நிற்கும் வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகங்களையே போட்டதால் புழுவுக்கு வருடத்தில் கூடுதல் தலைமுறைகளும் கிடைத்தன.

அதே மரபணு, அதே புழு, அமெரிக்காவின் அரிசோனாவில் என்ன ஆனது தெரியுமா? 1996-லிருந்து பத்து ஆண்டுகள் புகலிடப் பயிரைக் கண்டிப்பாக வைத்தார்கள். பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் விட்டார்கள். 2018-ல் அந்த நாட்டுப் பருத்தி நிலங்களிலிருந்தே இளஞ்சிவப்பு காய்ப்புழு ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். உங்களுக்குக் கிடைத்த விதை பொய்யானது இல்லை ஐயா. விதையோடு வந்திருக்க வேண்டிய மற்றதெல்லாம் உங்களை வந்து சேரவில்லை.

கேள்வி: விதையில்லாத தர்பூசணி, ஹைபிரிட் தக்காளி எல்லாம் ஜிஎம் தானே?

இல்லை. விதையில்லாத் தர்பூசணி, குரோமோசோம் எண்ணிக்கை வேறுபட்ட இரண்டு செடிகளை இணைத்து வருவது. ஹைபிரிட் என்பது இரண்டு ரகங்களை மகரந்தச் சேர்க்கையால் கலந்து வருவது. மரபணு மாற்றிய தக்காளி ஒன்று 1994-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது, சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். உலகில் பரவலாக விளைவது சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா ஆகிய நான்கும்தான்.

கேள்வி: ஒருதடவை விதைச்சா மறுபடி முளைக்காத மாதிரி விதையை மலடாக்கி விக்கிறாங்களாமே?

அப்படி ஒரு நுட்பத்துக்கு 1998-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது, அது சந்தைக்கே வரவில்லை. போராடியவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

ஆனால் விதையை மலடாக்காமலேயே விவசாயியின் கையைக் கட்ட முடியும். காப்புரிமை பெற்ற சோயாவின் அறுவடையிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்த பவுமன் என்ற விவசாயிக்கு எதிராக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2001-ம் ஆண்டுச் சட்டம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விவசாயிக்கு உரிமை கொடுக்கிறது. ஆனால் வீரிய ஒட்டு விதையைச் சேமித்து விதைத்தால் அடுத்த தலைமுறை ஒரே சீராக வராது, எனவே அங்கேயும் வருடாவருடம் வாங்க வேண்டியிருக்கிறது. வங்கதேசம் 2013-ல் அனுமதித்த பி.டி. கத்தரியைப் பொது நிறுவனம் சாதாரண ரகங்களில் வைத்துக் கொடுத்தது. விவசாயி விதையை எடுத்துவைத்துக்கொள்ளலாம், மருந்து தெளிப்பதும் குறைந்தது. இந்தியா 2010-ல் நிறுத்திவைத்ததும் இதே மரபணு கொண்ட கத்தரியைத்தான். சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதில் காட்டும் வேகத்தில் பாதியையாவது விதை யார் கையில் என்பதில் நாம் காட்டியிருந்தால், இந்த விவாதம் எங்கோ போயிருக்கும்.

கேள்வி: களைக்கொல்லி தாங்கும் பயிரால களைக்கொல்லி பயன்பாடு குறையும்னு சொன்னாங்களே?

சில ஆண்டுகள் வேலை எளிதானது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்ததில் கிளைபோசேட் என்ற அந்தக் களைக்கொல்லியைத் தாங்கும் களைகள் உருவாகின. அமெரிக்கப் பருத்தி, சோயா நிலங்களில் பால்மர் அமரந்த் என்ற களை பெரிய தலைவலியாகிவிட்டது. அதை அடக்க டைகாம்பா என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் விதை வந்தது. அந்த மருந்து காற்றில் பறந்து அண்டை வயல்களைக் கருக்கியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் கிளைபோசேட்டை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற பட்டியலில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, களைகள் சொல்லும் சாட்சியே எனக்குப் போதும்.

கேள்வி: லேபிள் வேணுமா, வேண்டாமா?

வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு சேர்மானத்தில் 0.9 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 2022-லிருந்து கட்டாயம், ஆனால் மரபணு கண்டுபிடிக்க முடியாத அளவு சுத்திகரித்த எண்ணெய், சர்க்கரைக்கு அந்த விதியில் விலக்கு கொடுத்தார்கள். ஜிஎம் என்று மட்டும் அச்சிடாமல், என்ன பண்பு சேர்த்தது என்றும் ஒரு வரி இருந்தால் வாங்குபவருக்கு உண்மையில் உதவும்.

கேள்வி: தங்க அரிசியை எதிர்க்கிறவங்க குழந்தைங்க உயிரோட விளையாடுறாங்களா?

அப்படிச் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தத் தாமதம் எனக்கு வலிக்கிறது. தங்க அரிசி என்பது, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்தை மரபணு மாற்றம் மூலம் சேர்த்த அரிசி. வைட்டமின் ஏ குறைவால் ஆண்டுக்கு 2,50,000 முதல் 5,00,000 குழந்தைகள் வரை பார்வை இழக்கிறார்கள் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. அதில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். பொட்ரிகஸ், பேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் அந்த அரிசியை அறிவித்தபோது அதில் இருந்த சத்து போதாது. 2005-ல் மக்காச்சோள மரபணுவை வைத்து 23 மடங்கு வரை கூட்டினார்கள். பிறகு விளைச்சல் குறையும் சிக்கலும் வந்தது. ஆகவே தாமதத்துக்கு எதிர்ப்பாளர்கள் மட்டுமே காரணம் இல்லை. பிலிப்பைன்ஸ் 2021-ல் அனுமதித்தது, 2024-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பலவகைக் காய்கனி கிடைத்தால் இது தேவைப்படாது என்கிறார்கள். சரிதான். அது கிடைக்காத வீட்டுக் குழந்தைக்கு இன்று என்ன கொடுப்பது?

கேள்வி: நீங்க கம்பெனி ஆளா?

இல்லை. எந்த விதை நிறுவனத்திலும் சம்பளம் வாங்கியதில்லை. கேட்டது சரிதான், இந்தத் துறையில் பேசுகிற எல்லோரிடமும் இதைக் கேளுங்கள்.

கேள்வி: கடைசியா ஒண்ணு. புதுசா ஒரு ஜிஎம் விதை வந்து, அனுமதியும் இருந்தா, வாங்கலாமா?

விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். எந்தப் பூச்சியைக் கொல்ல, அல்லது எந்தக் களைக்கொல்லியைத் தாங்க இந்த விதை? அந்தப் பூச்சி உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே தாங்கும் திறன் பெற்றுவிட்டதா? புகலிட விதை கலந்தே வருகிறதா, தனியாகவா? அறுவடையிலிருந்து விதை எடுத்துவைக்கலாமா?

அதோடு, விளைச்சலை வாங்குபவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சீனா அப்போது அனுமதிக்காத ஒரு மரபணு கலந்திருந்தது என்று 2013-ல் அமெரிக்க மக்காச்சோளக் கப்பல்களைச் சீனத் துறைமுகங்கள் திருப்பி அனுப்பின. அந்த விதையைத் தொடாத விவசாயிகளும் விலைச் சரிவில் அடிவாங்கினார்கள். விதை நிறுவனத்தின் மீதான வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 150 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. எனவே விதைப்பதற்கு முன்பே, இந்த ரகத்தை எடுப்பீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.